கடலோரத் தூணுக்கு உமிச்சாம்பல்: போடலாமோ?

கல்வீடு:
பருத்தித்துறைக் கரையிலை தூண்கம்பி கறள் பிடிச்சுக் கொங்கிறீற் வெடிக்கிறது ஊரறிஞ்ச வியாதி. கிளிநொச்சி மில்லுகளிலை உமிச்சாம்பல் சும்மா கிடக்கு. 50 கிலோப் பையிலை 5 கிலோ சீமெந்தைக் குறைச்சு, அதே நிறைக்குச் சாம்பல் போட்டால், சீமெந்து இறுகேக்கை வாற சுண்ணாம்போடை சாம்பல் சிலிக்கா சேர்ந்து துளையளை அடைக்கும். உப்பு இறங்கப் பிந்தும். ஏன் ஒருத்தரும் செய்யினமில்லை?

கியூப்:
தம்பி, வேதியியல் சரி, சாமான்தான் பிழை. உமியை 500–700 பாகை செல்சியஸிலை சூட்டைக் கட்டுப்படுத்தி எரிச்சால்தான் சிலிக்கா பளிங்காகாமல் (கல்லுமாதிரிப் படிகமாய் இறுகாமல்) நிக்கும். மில் பொயிலரிலை ஒரு பக்கம் சூடு ஏறிப் பளிங்காகும், மற்றப் பக்கம் கரியாய் நிக்கும். பளிங்கானது சுண்ணாம்போடை சேராது. கரி தண்ணியை உறிஞ்சும். கலவை இறுகுதெண்டு மேசன் இன்னொரு வாளி தண்ணி ஊத்துவார். பிறகென்ன, அடைக்க வெளிக்கிட்ட துளையை நீங்களே திறந்து விட்டாச்சு.

கல்வீடு:
கரியை அளக்கலாம் அண்ணை. காய்ஞ்ச சாம்பலை நிறுத்து, ஆய்வுகூடச் சூளையிலை 750 பாகையிலை எரிச்சுத் திரும்ப நிறுத்தால் இழப்பு தெரியும். நிலக்கரி எரிச்ச புகையிலை பிடிக்கிற பறக்கும் சாம்பலுக்கு ஏ.எஸ்.ரி.எம். சி618 எண்ட அமெரிக்கத் தரம் விடுற இழப்பு 6 வீதம். அதையே இதுக்கும் வைப்பம். கறுப்புச் சாம்பலைக் கண்ணாலை பார்த்தே தள்ளலாம். தண்ணி கூட்டாமல் கலவையை இளக்கச் சுப்பர் பிளாஸ்ரிசைசர் எண்ட மருந்து இருக்கு.

கியூப்:
அரைக்கிறதை விட்டிட்டியள். அரைக்காத உமிச்சாம்பலுக்குள்ளை முழுக்கத் துவாரம். தண்ணி கூடக் குடிக்கிறது அதாலையுந்தான். 45 மைக்ரோன் அரிதட்டிலை மூண்டிலொரு பங்குக்கு மேலை தங்கப்படாது. அதுக்கு இரும்புக் குண்டு உருண்டு அரைக்கிற குண்டு மில் வேணும், மிளகாய் அரைக்கிற மில் காணாது. தூசிக்கு நல்ல முகமூடியும் வேணும், பளிங்குச் சிலிக்கா நெஞ்சைத் திண்டிடும். வாளியாலை அளந்தாலும் பிழைதான்: சாம்பல் சீமெந்தைவிட நல்லாய் இலேசு, தராசிலை நிறுங்கோ.

பனங்கூடல்:
அடுப்புச் சாம்பல், பனைமட்டைச் சாம்பல், குப்பை எரிச்ச சாம்பல் ஒண்டும் ஆகாதோ?

கியூப்:
ஆகாது. விறகு, மட்டைச் சாம்பலிலை பொட்டாசியம் கூட, சிலிக்கா குறைவு. அந்தக் காரம் சில வகைச் சல்லியோடை சேர்ந்து கொங்கிறீற்றை வீங்க வைக்கும். குப்பைச் சாம்பலிலை பிளாஸ்ரிக் எரிஞ்ச குளோரைட்டு இருக்கும், அது நேரை கம்பிக்கு நஞ்சு. அலுமினியத் துண்டு கிடந்தால் சீமெந்தின்ரை காரத்திலை ஐதரசன் கிளம்பி, கல்லு பொங்கிப் பொருக்காகும்.

கல்வீடு:
அதிலை ஒத்துப்போறன். ஆனால் நல்லாய் எரிச்சு அரைச்ச சாம்பலை ஏன் விடவேணும்?

கியூப்:
முதலிலை சீமெந்துப் பையைத் திருப்பிப் பாருங்கோ. இலங்கைத் தர இலக்கம் எஸ்.எல்.எஸ். 107 எண்டால் சாதாரண போர்ட்லாண்ட் சீமெந்து. 1247 எண்டால் கலப்புச் சீமெந்து, அதுக்குள்ளை ஏற்கெனவே பறக்கும் சாம்பல் இருக்கலாம். அதுக்கு மேலை நீங்களும் போட்டால் தொடக்க உறுதி விழும், வழமையான நாளிலை முட்டுக் கழட்டினால் பீம் தொங்கும். சாம்பல்தான் வேணுமெண்டால் கலப்புப் பையையே வாங்குங்கோ. அது ஆலையிலை சோதிச்ச கலவை. தண்ணி சீமெந்து நிறையிலை பாதிக்குக் கீழை, கம்பிக்குக் கவர், அதாவது கம்பியை மூடி நிக்கிற கொங்கிறீற், 50 மில்லிமீற்றர். கம்பி அச்சுப்பலகையிலை முட்டாமல் தாங்கிற கவர்க்கல்லு வைக்காமல் சாம்பலைப் பற்றிக் கதைக்கிறது வீண்.

கல்வீடு:
கவரும் வைப்பம், சாம்பலும் போடுவம். 107 பையோடை 10 வீதம், 14 நாள் ஈரச்சாக்கு. முதலிலை நடைபாதைக் கல்லுக்கு. 7, 28, 56 நாளிலை சோதனைக் கொங்கிறீற் கட்டியளை (கியூப்) உடைச்சு உறுதி பார்த்து, சாம்பலில்லாத கலவையோடை ஒப்பிட்ட பிறகு தூண்.

கியூப்:
நடைபாதைக்கு மறுப்பில்லை. தூணுக்கெண்டால் ஒவ்வொரு லோட் சாம்பலுக்கும் இதே சோதனை திரும்பவும் செய்யவேணும். வீடு கட்டுற ஆர் அந்தச் செலவைக் குடுப்பினம்?