மறுமொழி: 1798 அமெரிக்கச் சட்டங்களுக்குத் தமிழ்ப் பெயர்

வணக்கம் ஐயா,

'ஏலியன் அண்ட் செடிஷன் ஆக்ட்ஸ்' எனப்படும் 1798 அமெரிக்கச் சட்டங்கள் பற்றிய கட்டுரைக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். 'செடிஷன்' என்பது அரசுக்கு எதிராகப் பேசி, எழுதித் தூண்டும் குற்றம். அதைப் பற்றி நீங்கள் கேட்டது:

> நாளிதழ்களில் செடிஷனுக்குத் 'தேசத்துரோகம்' என்றுதானே எழுதுகிறார்கள்? அதையே வைத்துக்கொள்ளலாம்.

எழுதுகிறார்கள்தான். ஆனால் இந்த இடத்தில் அது உதைக்கும். அமெரிக்க அரசமைப்பிலேயே துரோகத்துக்கு ('ட்ரீசன்') தனி வரையறை உண்டு: நாட்டின் மீது போர் தொடுக்க வேண்டும், அல்லது பகைவரோடு சேர்ந்து உதவ வேண்டும். அதுவும் ஒரே செயலைக் கண்ட இரண்டு சாட்சிகளோ, திறந்த நீதிமன்றத்தில் ஒப்புதல் வாக்குமூலமோ இல்லாமல் தண்டிக்க முடியாது. 'துரோகம்' அந்தக் குற்றத்துக்கே இருக்கட்டும்.

1798 ஜூலையில் குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸ் கையெழுத்திட்ட செடிஷன் சட்டம் பிடித்தது வேறு ஆட்களை. அரசையோ காங்கிரஸையோ (அவர்களுடைய நாடாளுமன்றம்) குடியரசுத் தலைவரையோ பற்றிப் பொய்யாக, கெட்ட எண்ணத்தோடு எழுதினால் 2,000 டாலர் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. துணைத் தலைவர் பெயர் மட்டும் பட்டியலில் இல்லை. அந்த நாற்காலியில் அப்போது இருந்தவர் எதிரணியின் ஜெஃபர்சன், அவரை யார் வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளலாம்!

நியூவார்க்கில் லூதர் பால்ட்வின் என்றொருவர். ஆடம்ஸ் ஊர் வழியாகப் போனபோது பீரங்கி மரியாதை நடந்தது. குடிபோதையில் இருந்த மனிதர், குண்டு ஆடம்ஸின் பின்புறத்தில் பாய்ந்தாலும் எனக்குக் கவலையில்லை என்று சொல்லிவிட்டார். வழக்கு, அபராதம். இதை எந்த வாயால் தேசத்துரோகம் என்பது?

'இராஜத்துரோகம்' வ.உ.சி. மீதான 1908 வழக்குக்குப் பொருந்தும், அப்போது மேலே ராஜா இருந்தார். ராஜாவே வேண்டாம் என்று உதறிவிட்டு வந்த நாட்டின் சட்டத்துக்கு அந்தப் பெயர் வேடிக்கையாக இருக்கும்.

என் பரிந்துரை: அரசுநிந்தைச் சட்டம். ஒரு குறை உண்டு. அதன் முதல் பிரிவு அரசு நடவடிக்கைகளைத் தடுக்கச் சதி செய்வதைப் பற்றியது, 'நிந்தை' அதைத் தொடாது. இருந்தாலும் பத்திரிகைக்காரர்களை உள்ளே தள்ளியது இரண்டாம் பிரிவுதான். பெயரும் அதைத் தழுவியே இருக்கலாம்.

அப்புறம் 'ஏலியன்', அதாவது குடியுரிமை பெறாத வெளிநாட்டவர். அக்கா சொன்ன 'குடியேறியோர்' எனக்கு ஒப்பவில்லை. வெர்மான்ட் மாநிலத்துக் காங்கிரஸ் உறுப்பினர் மேத்யூ லயன் அயர்லாந்தில் பிறந்து குடியேறியவர். ஆனால் அமெரிக்கக் குடிமகன், அதனால் அதே ஆண்டின், ஏலியன்களை நாடுகடத்தும் சட்டம் அவரைத் தீண்ட முடியாது. நிந்தைச் சட்டத்தில்தான் மாட்டினார்: நான்கு மாதச் சிறை, 1,000 டாலர் அபராதம். சிறையிலிருந்தபடியே மறுதேர்தலில் வென்றது தனிக்கதை. ஆக, குடியேறினாரா என்பதல்ல, குடியுரிமை பெற்றாரா என்பதுதான் கேள்வி. அந்தக் குடியுரிமைக்கான காத்திருப்பையும் அதே ஆண்டு ஐந்திலிருந்து 14 ஆண்டுகளாக நீட்டினார்கள். 'அந்நியர்' என்றால் நமக்கு வெள்ளைக்காரன் நினைவு வந்துவிடும். 'அயற்குடியினர்' சரியாக வரும் என நினைக்கிறேன்.

அயற்குடியினர் மீது இரண்டு சட்டங்கள் இருப்பதால் பிரித்துச் சொல்ல வேண்டும். எந்த நாட்டவரானாலும் ஆபத்தானவர் என்று குடியரசுத் தலைவர் கருதினாலே வெளியேற்றலாம் என்றது ஒன்று. இரண்டே ஆண்டில் காலாவதியானது. இதை 'நட்புநாட்டு அயற்குடியினர் சட்டம்' எனலாம். போர்க்காலத்தில் எதிரி நாட்டவரைப் பிடித்துவைக்கும் மற்றது 'பகைநாட்டு அயற்குடியினர் சட்டம்'. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர், ஜெர்மானியர், இத்தாலியர் மீது பாய்ந்தது இதுதான், இன்னும் ரத்தாகவில்லை.

இவை இரண்டு, நிந்தைச் சட்டம், குடியுரிமைக் காத்திருப்பை நீட்டிய சட்டம் என நான்குக்கும் சேர்த்து 'அயற்குடி, அரசுநிந்தைச் சட்டங்கள்' என்று கட்டுரைத் தலைப்பை மாற்றலாமா? மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். முதல் பிரிவையும் அடக்கும் சொல் யாரிடமாவது இருந்தால் 'நிந்தை'யை நானே விட்டுவிடுகிறேன்.