கரண்ட் போய் வந்தால் பிள்ளையின் அறை லைட் முழு வெளிச்சத்தில் எரிகிறது: உதவி தேவை

வெள்ளவத்தை அம்மா:
நாலு வயதுப் பிள்ளையின் அறையில் இருப்பவை: பின் ஹோல்டரில் 9 வாட் வைஃபை கலர் பல்ப், ஏசிக்கு ஐஆர் பிளாஸ்டர் (ரிமோட் போலவே சிக்னல் அனுப்பும் சின்னப் பெட்டி), ஒரு கூகிள் ஸ்பீக்கர். இரவு 7.45க்கு வெளிச்சம் குறைந்து, 8.30க்கு அணைந்து, ஏசி 26இல் ஓட வேண்டும். பல்பை இயக்கும் ஸ்மார்ட் லைஃப் ஆப்பில் ஆட்டோமேஷன் (தானாக ஓடும் நேர அட்டவணை) இருக்கிறது, கூகிள் ஹோம் ஆப்பில் அதே போல ஒரு ருட்டீனும் இருக்கிறது. ஆனால் நடுச்சாமத்தில் கரண்ட் போய் வந்தால் பல்ப் வெள்ளை வெளேரென்று எரிந்து பிள்ளை எழும்பிவிடுகிறது. சில நாள் 8.30க்கு அணைந்த லைட் திரும்ப எரிகிறது. சில நாள் ஆப்பில் 'ஆஃப்லைன்', எதுவுமே வேலை செய்வதில்லை. எங்கிருந்து தொடங்குவது?

தெகிவளை வயரிங்:
கரண்ட் பிரச்சினையிலிருந்து தொடங்குங்கோ அக்கா. சுவர் சுவிட்சைப் போட்டது ஆளா, போன கரண்ட் திரும்பி வந்ததா என்று பல்புக்குத் தெரியாது. அதனால்தான் கம்பனியிலிருந்து வரும்போதே 'மின் வந்தால் எரி' என்று வைத்து அனுப்புகிறார்கள்.

ஆப்பில் பல்பைத் திறந்து அதன் செட்டிங்கில் தேடுங்கோ. மின்தடைக்குப் பிறகு எப்படி எரிய வேண்டும் என்று கேட்கும் இடம் ஒன்று இருக்கும். பெயர் பல்புக்குப் பல்பு மாறும். 'கடைசி நிலை'யை நம்ப வேண்டாம். பல பல்புகள் நிறத்தையும் வெளிச்ச அளவையும் மட்டும் ஞாபகம் வைக்கும், அணைந்திருந்ததை மறந்துவிடும். விருப்ப நிலையில் செம்மஞ்சள், 5 வீதம் என்று வையுங்கோ. தப்பித்தவறி எரிந்தாலும் நித்திரை கலையாது. 'தொந்தரவு செய்யாதே' என்ற தெரிவு இருந்தால் அதையும் போடுங்கோ. அணைந்திருந்த பல்ப் கரண்ட் வந்தாலும் அணைந்தே இருக்கும். பிறகு சுவர் சுவிட்சால் எரிக்க வேண்டுமென்றால் ஒருமுறை போட்டு, நிறுத்தி, திரும்பப் போட வேண்டும்.

ஆப்பில் அணைத்துவிட்டு, சுவர் சுவிட்சை அரை நிமிடம் நிறுத்திப் போட்டுப் பார்த்தால் இந்த செட்டிங் வேலை செய்கிறதா என்று தெரியும். டக் டக்கென்று மூன்று தடவை போட்டு நிறுத்த வேண்டாம். பெரும்பாலான வைஃபை பல்புகளை ரீசெட் பண்ணும் முறையே அதுதான். கரண்ட் விட்டு விட்டு வரும் இரவில் பல்ப் தானாக ரீசெட்டாகி மினுக்குவதும், காலையில் ஆஃப்லைனாக இருப்பதும் இதனால்தான். (மினுக்கம் இல்லாமல் வெறும் ஆஃப்லைன் என்றால், யாரோ சுவர் சுவிட்சை நிறுத்தியிருப்பார்கள். சுவிட்சுக்கு மேல் ஒரு டேப் ஒட்டினால் போதும்.)

என்னைக் கேட்டால், படுக்கை நேரத்துக்கு மேசை விளக்குதான் நல்லது. ஸ்மார்ட் பிளக்கில் (ஆப்பால் இயக்கும் பிளக்) 3 வாட், 2700 கெல்வின் (மஞ்சள் வெளிச்சம்) சாதாரண எல்ஈடி. பிளக்கின் மின்தடை அமைப்பில் 'ஆஃப்' என்று வையுங்கோ. கரண்ட் எத்தனை தரம் விட்டு வந்தாலும் பிளக் அப்படி ரீசெட்டாகாது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது, அது ஒன்றுதான் குறை.

கொட்டாஞ்சேனை ஆட்டோமேஷன்:
திரும்ப எரிவதற்குக் காரணம் இரண்டு ஆப். ஒரே பல்புக்கு இரண்டு இடத்தில் நேர அட்டவணை இருந்தால் ஒன்று அணைக்கும், மற்றது எரிக்கும். கூகிள் ஹோமில் இருக்கும் ருட்டீனை முழுக்க அழியுங்கள், குரல் கட்டளைக்கு மட்டும் அந்த ஆப் இருக்கட்டும்.

ஸ்மார்ட் லைஃபில் 7.45க்கு வார்ம் வெள்ளை 40 வீதம், 8.00க்கு 15, 8.15க்கு செம்மஞ்சள் 5, 8.30க்கு அணை. நீலம் கலந்த 6500 கெல்வின் வெளிச்சம் நித்திரை வர உதவும் மெலடோனின் ஹார்மோனைக் குறைக்கும் என்பதால் அந்த வெள்ளையை 7 மணிக்குப் பிறகு அறவே தவிருங்கள். 8.45க்கும் 9.15க்கும் 'அணை' கட்டளையை மறுபடி போடுங்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் வந்த அட்டவணை பிறகு தானாக ஓடாது, அதற்குத்தான் இந்த இரண்டும்.

ரௌட்டருக்கு மினி யூபிஎஸ் (கரண்ட் போனாலும் ரௌட்டரை ஓட வைக்கும் சின்ன பேட்டரி) அவசியம். வாங்குமுன் ரௌட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், அம்பியரைப் பாருங்கள். 12 வோல்ட் கேட்கும் ரௌட்டருக்கு 9 வோல்ட் முனையைச் செருகினால் வேலை செய்யாது.

ஏசிக்கு ஸ்மார்ட் பிளக் வேண்டாம். ஓடும் கம்ப்ரசருக்கு மின்சாரத்தைத் திடீரென வெட்டுவது கெடுதல். ஐஆர் ஒருவழிதான், ஏசி கேட்டதா என்று பிளாஸ்டருக்குத் தெரியாது. பட்டியலில் உங்கள் ஏசி மொடலைத் தேர்ந்திருந்தால் '26, கூல்' கட்டளையை ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அனுப்பலாம். ரிமோட்டின் பவர் பட்டனை மட்டும் கற்பித்திருந்தால் அப்படிச் செய்யாதீர்கள், சில மொடல்களில் இரண்டாவது தடவை ஏசி நின்றுவிடும்.

வெள்ளவத்தை அம்மா:
'தொந்தரவு செய்யாதே' இருக்கிறது, போட்டுவிட்டேன். நேரத்தைச் சூரிய அஸ்தமனத்தோடு இணைக்கலாமா? இரவில் ஸ்பீக்கர் சத்தமாகப் பதில் சொல்வதை எப்படிக் குறைப்பது?

கொட்டாஞ்சேனை ஆட்டோமேஷன்:
இணைக்க வேண்டாம். கொழும்பில் அஸ்தமனம் நவம்பரில் 5.47 அளவிலும் ஜூலையில் 6.30 அளவிலும் வரும். பிள்ளையின் நித்திரை அதோடு நகரக் கூடாது, கடிகார நேரமே சரி. ஸ்பீக்கருக்கு கூகிள் ஹோமில் நைட் மோட் இருக்கிறது. இரவு 7.30 முதல் காலை 6 வரை வைத்தால் சத்தமும் ஸ்பீக்கரின் சின்ன லைட்டும் குறையும்.