டைபாய்டு ஊசிக்கு மட்டும் ஏன் நாம காசு குடுக்கணும்?

பாம்பன் கடலோடி:
போன வாரம் ரெண்டு புள்ளைகளுக்கும் ராம்நாட்டுல ஒரு பிரைவேட் டாக்டர்கிட்ட டைபாய்டு ஊசி போட்டேன், நாலாயிரத்துக்கு மேல போயிருச்சு. மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில கெடக்கு, வட்டிக்கு வாங்கித்தான் குடுத்தேன். புதன்கிழமை சப் சென்டர்ல நர்சம்மா போடுற பிசிஜி, போலியோ, பென்டா, ரோட்டா, நிமோனியா ஊசி எதுக்கும் இதுவரை ஒத்த ரூபா குடுத்ததில்ல. இது மட்டும் ஏன் அந்த லிஸ்ட்ல இல்ல? குடத்துக்கு இவ்வளவுன்னு காசு குடுத்து தண்ணி வாங்குற ஊருல டைபாய்டு வராம வேற எங்க வரும். கவர்மெண்ட்டு ஒண்ணு சும்மா போடணும், இல்ல வெலைய கொறைக்கச் சொல்லணும்.

மண்டபம் மெடிக்கல்:
தம்பி, கஷ்டம் புரியுது. ஆனா வெலைய அமுக்குறது சரியான வழி இல்ல. இந்த ஊசிய 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவுல வச்சே கம்பெனியில இருந்து நம்ம ஃபிரிட்ஜ் வரைக்கும் கொண்டாரணும், கரண்டு நாலு மணி நேரம் போனா எனக்கு ஈரக்கொலை நடுங்கும், எக்ஸ்பைரி ஆனா நட்டம். கம்பெனிக்காரன் வருசக்கணக்குல ட்ரையல் பண்ணி ஃபேக்டரி கட்டியிருக்கான். கட்டுப்படியாகலன்னா செய்யமாட்டான், அப்புறம் காசு வச்சிருக்கவனுக்கும் ஊசி கெடைக்காது.

கீழக்கரை உம்மா:
கட்டுப்படியாகாதுன்னு சொல்றீங்களே அண்ணே, ஒண்ணு கேளுங்க. ஹைதராபாத்ல பாரத் பயோடெக் செய்யுற டைப்பார் டிசிவிங்கிற டைபாய்டு ஊசிய, ஏழை நாடுகளுக்கு தடுப்பூசி வாங்கிக் குடுக்குற கேவி (Gavi) அமைப்புக்கு ஒரு ஊசி ஒன்றரை டாலருக்கு, இல்ல அதுக்கும் கீழ தரோம்னு அந்த கம்பெனியே ஒத்துக்கிச்சு, அன்னைக்கு கணக்குக்கு ஏறக்குறைய நூறு ரூபா. பாகிஸ்தான்ல சிந்து பக்கம் 2016ல இருந்து மருந்துக்கு அடங்காத டைபாய்டு பரவுச்சு, வழக்கமா குடுக்குற ஆன்டிபயாடிக் மருந்துல பெரும்பாலானது கேக்கல. 2019ல அந்த நாடுதான் உலகத்துலயே மொதல்ல இந்த ஊசிய பிள்ளைகளோட வழக்கமான தடுப்பூசியில சேத்துச்சு, அதுவும் நம்ம நாட்டுல செஞ்ச ஊசிய வாங்கி. கராச்சி பிள்ளைக்கு சும்மா கெடைக்குது, நல்லா இருக்கட்டும், எந்தப் பிள்ளையா இருந்தா என்ன. எம்புள்ள என்ன பாவம் பண்ணுச்சு?

மண்டபம் மெடிக்கல்:
லாத்தா, அது கோடிக்கணக்குல மொத்தமா வாங்குற வெல, முன்கூட்டியே ஆர்டர் உறுதி, பெரும்பகுதி பணமும் வெளியில இருந்து வருது. நான் மாசத்துக்கு பத்து ஊசி எடுக்குறவன், எனக்கு அந்த ரேட்டுக்கு எவன் தருவான்?

கீழக்கரை உம்மா:
அதத்தான் நானும் சொல்றேன், மொத்தமா வாங்குனா வெல எறங்குது. அப்ப மொத்தமா வாங்க வேண்டியது யாரு? நீங்களா நானா? 2021 மறந்துருச்சா, கோவிஷீல்டுன்னு கொரோனாவுக்கு ஒரே ஊசி, மத்திய அரசுக்கு 150, மாநிலத்துக்கு 400, பிரைவேட் ஆஸ்பத்திரிக்கு 600ன்னு அறிவிச்சாங்க, கொறை சொன்னதும் மாநில ரேட்ட 300 ஆக்குனாங்க. 18லேருந்து 44 வயசுக்காரங்கள காசு குடுத்து போட்டுக்கச் சொன்னது நியாயமே இல்லன்னு சுப்ரீம் கோர்ட்டே கேட்டுச்சு. ஜூன் 21லேருந்து கம்பெனிங்க செய்யுற ஊசியில 75 சதவீதத்த மத்திய அரசே வாங்கி மாநிலங்களுக்கு சும்மா குடுத்துச்சு, பிரைவேட்டும் 150க்கு மேல சர்வீஸ் சார்ஜ் வாங்கக்கூடாதுன்னு வச்சாங்க. முடியாதுன்னு சொன்னது ரெண்டே மாசத்துல முடிஞ்சுச்சா இல்லையா.

தொண்டி வாத்தியார்:
நான் வேற மாதிரி பாக்குறேன். டைபாய்டு அசுத்தமான தண்ணியிலயும் சாப்பாட்டுலயும் வர்றது. நான் சின்னப் பையனா இருந்தப்பவே எங்கம்மா மணல்ல ஊத்து தோண்டி செரட்டையில மொண்டு குடத்த ரொப்பும், இன்னைக்கும் தள்ளுவண்டியில குடத்த அடுக்கிக்கிட்டு பொம்பளைங்க தெருத்தெருவா அலையுறாங்க. காவிரிக் கூட்டுக்குடிநீர் வந்தும் கடைசி ஊருக்கு சொட்டுதான். இருக்குற காசுல குழாய் போடுங்க, குளோரின் ஒழுங்கா கலங்க. ஊசி போட்டாச்சுன்னு சொல்லிட்டு தண்ணிப் பிரச்சனைய அப்படியே வுட்ருவாங்க, எனக்கு அந்த பயம் இருக்கு.

பாம்பன் கடலோடி:
சார், நீங்க சொல்ற தண்ணி வர்றதுக்குள்ள எம்புள்ளைக்கு கல்யாணமே ஆயிரும். ரெண்டும் வேணும். எங்க தெருவுல டைபாய்டு வந்த ஒரு பையன் பன்னெண்டு நாள் படுத்தான், அவங்கம்மா கருவாட்டு வேலைக்கு போகல, அந்த செலவு கணக்க யாரு எழுதுறா. மெடிக்கல் அண்ணே, வெலைக்கு கட்டுப்பாடே கெடையாதா?

மண்டபம் மெடிக்கல்:
இருக்கு. அத்தியாவசிய மருந்து பட்டியல்ல இருந்து விலைக்கட்டுப்பாட்டுக்குள்ள வந்தா உச்சவிலை வைப்பாங்க. வெளியில இருக்குற மருந்துக்கு கம்பெனியே வெல வச்சுக்கலாம், வருசத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல ஏத்தக்கூடாது, அவ்வளவுதான். இன்னொன்னு, கவர்மெண்ட்டு கூப்புட்டா எல்லாரும் வந்துருவாங்கன்னு நெனைக்காதீங்க, 2021ல நம்ம மாநிலம் கொரோனா ஊசிக்கு உலக டெண்டர் விட்டுச்சு, ஒருத்தனும் வரல.

கீழக்கரை உம்மா:
ஒருத்தனும் வரலன்னதும் நாம தவிச்சதுக்கு காரணம், நம்மகிட்ட சொந்த ஃபேக்டரி ஓடல. கிண்டி பிசிஜி ஆய்வகம், குன்னூர் பாஸ்டியர், இமாச்சல்ல இருக்குற கசௌலி ஆய்வகம், இந்த மூணு அரசு தடுப்பூசி நிறுவனத்துக்கும் 2008ல லைசன்ஸ நிறுத்திவச்சாங்க, தரம் சரியில்லன்னு. சரிபண்ண வேண்டியதுதான், மூடணுமா? 2010ல திருப்பிக் குடுத்தாங்க, அதுக்குள்ள பிரைவேட்ட நம்பித்தான் நாடு நின்னுச்சு. செங்கல்பட்டுல அரசுப் பணத்துல கட்டுன தடுப்பூசி வளாகம் 2021ல ஊசியே செய்யாம கெடந்துச்சு, எங்ககிட்ட குடுங்கன்னு முதலமைச்சர் லெட்டர் எழுதுனாரு. அரசு ஃபேக்டரி ஒண்ணு ஓடுனாலே ஊசி செய்ய உண்மையில எவ்வளவு ஆகும்னு நமக்கு தெரிஞ்சிரும், அப்ப பிரைவேட்கிட்ட பேரம் பேசலாம்.

தொண்டி வாத்தியார்:
இது நியாயம்மா. மாத்திரை மருந்துக்கு 1994லயே தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஆரம்பிச்சு மொத்த டெண்டர்ல வாங்குறாங்க, ஜிஹெச்ல சக்கரை மாத்திரை சும்மா கெடைக்கிறது அதனாலதான். ஆனா மனு எழுதுனா தண்ணியையும் சேத்து எழுதுங்க, இல்லன்னா நான் ஒத்துக்கமாட்டேன்.

பாம்பன் கடலோடி:
எழுதுறேன் சார். வர்ற திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கப் போறேன், ஊசி போட்ட பில்லு வச்சிருக்கவங்க ஜெராக்ஸ் எடுத்துக் குடுங்க. மெடிக்கல் அண்ணே, நீங்களும் கையெழுத்து போடுவீங்களா?

மண்டபம் மெடிக்கல்:
சப் சென்டர்ல அரசே வாங்கிப் போடணும்னு எழுதுங்க, மொத கையெழுத்து என்னோடது. கடை விலைய பாதியாக்கணும்னு ஒரு வரி இருந்தாலும் போடமாட்டேன் தம்பி. பேப்பர எடுத்துட்டு கடைக்கு வாங்க, படிச்சுப் பாத்துட்டு சொல்றேன்.