ஆ-தா-தி-கி அருங்காட்சியகம்: இரண்டு மணி நேரம் போதுமா?

கேள்வி:
ஃபுளோரிடா பிக் சைப்ரஸ் பகுதியில் செமினோல் பழங்குடி மக்கள் நடத்தும் ஆ-தா-தி-கி அருங்காட்சியகத்துக்கு ஃபோர்ட் லாடர்டேலிலிருந்து போய் அன்றே திரும்ப வேண்டும். கூட வருபவருக்குச் சக்கர நாற்காலி. காட்டுப் பாதை ஒத்துவருமா? எந்த மாதம் நல்லது?

பதில் 1:
தாராளமாகப் போகலாம். பாதை முழுக்கச் சதுப்புக்கு மேலே உயர்த்திப் போட்ட பலகைதான், சுற்றி வர சுமார் 1.6 கி.மீ. சிக்கல் வழியில்தான். முகவரியில் கிளூயிஸ்டன் என்று இருக்கும்; ஊர்ப் பெயரை மட்டும் ஜிபிஎஸ்ஸில் போட்டால் ஓகிசோபி ஏரிக்கரைக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். ஐ-75 சாலையில் 49ஆம் எக்ஸிட்டில் இறங்கி, ஸ்னேக் ரோட்டில் வடக்கே 17 மைல். பெட்ரோலை எக்ஸிட்டிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை நல்லது. ஆனால் குளிர்காலத்தில் சைப்ரஸ் மரம் இலை உதிர்த்துவிடும், நிழல் குறையும், தொப்பி வேண்டும். மழைக்காலத்தில் கொசு அதிகம், பிற்பகலில் இடி மழை. காலையிலேயே நடந்துவிடுங்கள்.

பதில் 2:
இரண்டு மணி நேரம் போதாது, மூன்று மணி நேரமாவது வையுங்கள். பாதையோரச் செடிகளின் பெயர்ப்பலகைகளை நின்று படிக்கவே நேரம் பிடிக்கும். பாதை போகும் வழியில் ஒரு கிராமம் வரும். அங்கே 'சிக்கீ' குடிசைகளை நன்றாகப் பாருங்கள்: சைப்ரஸ் கம்பம், பனையோலைக் கூரை, சுவரே கிடையாது. படுக்கிற சிக்கீயில் ஈரத்துக்கும் பாம்புக்கும் எட்டாமல் மேடை உயர்ந்திருக்கும். சமையல் சிக்கீயில் மேடை இருக்காது, மண்தரையில்தான் அடுப்பு. கட்டைகளை வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி வைத்து, நடுவில் எரிய எரிய உள்ளே தள்ளுவார்கள். தீயைக் கூட்டவும் குறைக்கவும் கட்டையை நகர்த்தினால் போதும், வெட்டவே வேண்டாம். அமெரிக்கப் படையினர் செமினோல்களைத் துரத்திய காலத்தில் சட்டென்று கட்டவும் விட்டுவிட்டு நகரவும் தோதான வீடு இதுதான்.

பதில் 3:
"செமினோல்கள் தோற்று வெளியேறினார்கள்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1858இல் அமெரிக்கப் படையுடனான மூன்றாம் போர் முடிந்தபோதும் சில நூறு பேர் இந்தச் சதுப்பிலேயே இருந்தார்கள், சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவே இல்லை. 1957 ஆகஸ்ட் 21 அன்று பழங்குடி அரசமைப்பை நிறைவேற்றினார்கள். சரியாக 40 ஆண்டு கழித்து, அதே தேதியில் இந்த அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள்.

செமினோல்களின் ஒட்டுத்துணி (பேட்ச்வொர்க்) உடை வாங்குவதானால் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். வண்ணப் பட்டைகளை நீளவாக்கில் தைத்து, குறுக்கே துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் சற்றே நகர்த்தி மறுபடி தைப்பார்கள். உள்துணி இல்லாத உடையில் துண்டுக்குத் துண்டு தையல் விளிம்பு தெரிய வேண்டும். வழவழவென்று இருந்தால் அது அச்சடித்த துணி. தையலில் ஒரு நூலளவு பிசகினாலும் அது துண்டுக்குத் துண்டு சேர்ந்துகொண்டே போய்ப் பட்டை வில்லாக வளைந்துவிடும். விலை அந்த நேர்த்திக்குத்தான், பேரம் பேசாதீர்கள். கைவினைஞர்களைப் படமெடுக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.