தலைகீழாத் தொங்கறவன் சீட்டு உங்களுக்கு வந்திருக்கா? வந்தப்ப என்ன ஆச்சுன்னு சொல்லுங்க

நோட்டீஸ்ல இருக்கறவ:
எல்லாருக்கும் வணக்கம். நான் டாரோ பாப்பேன், படச் சீட்டுக் கட்டுலருந்து சீட்டு எடுத்து ஜோசியம் பாக்கறது. போன மாசத்துல மட்டும் 3 தடவை எனக்கு அதுல 12ஆம் நம்பர் சீட்டு வந்துருச்சு, அதான் அந்தத் தலைகீழாத் தொங்கறவன். நீ சீட்டை ஒழுங்காக் கலைக்கறதில்லன்னு என் வீட்டுக்காரர் சொல்றாரு, இருக்கலாம், ஆனா 78 சீட்டுல இவன் ஒருத்தன் மட்டும் ஏன் மேல மேல வரணும்.

என்கிட்ட இருக்கறது ரைடர் வெயிட் கட்டு, 1909ல லண்டன்ல வந்தது, பமீலா கோல்மன் ஸ்மித்னு ஒரு அம்மா வரைஞ்சது. சீட்டை மேஜையில வெச்சு அரை மணி நேரம் பாத்துட்டே இருந்தேன். டி மாதிரி ஒரு மரம், வெட்டுன மரம் இல்ல, இலை துளுத்திருக்கு. அதுல ஒரு காலை மட்டும் கட்டித் தொங்கவிட்டிருக்காங்க, இன்னொரு காலை மடக்கி 4 போட்ட மாதிரி வெச்சிருக்கான். கை ரெண்டும் முதுகுக்குப் பின்னாடி, கட்டியிருக்கா சும்மா வெச்சிருக்கானான்னு தெரியல. நீலச் சட்டை, சிவப்பு கால்சட்டை, மஞ்சள் செருப்பு. இவ்ளோ நேரம் தொங்குனா மூஞ்சில ரத்தம் ஏறி கண்ணு பிதுங்கணும்ல? இவன் என்னடான்னா மதியத் தூக்கம் தூங்கி எழுந்தவன் மாதிரி இருக்கான், தலையைச் சுத்தி சாமி படத்துல போடற மாதிரி ஒளிவட்டம் வேற. தண்டனையா வேண்டுதலா ஒன்னும் புரியல.

வீடியோ கால்ல ஒருத்தர்கிட்ட 1500 ரூபா குடுத்துக் கேட்டேன். "காத்திருப்பு மேடம், தியாகம் மேடம், வேற கோணத்துல பாருங்க மேடம்"னு முடிச்சுட்டாரு. நான் வேலையை விட்டுட்டு 90 நாள் நோட்டீஸ்ல இருக்கறவ, காத்திருக்கறது எனக்குத் தெரியாதா, அதுக்கு எதுக்கு 1500? அம்மா சீட்டைப் பாத்துட்டு "தூக்குல தொங்கறவன் படத்தையெல்லாம் வெள்ளிக்கிழமையும் அதுவுமா நடு வீட்டுல வெக்காத"ன்னு ஒரே சத்தம். உங்க யாருக்காவது இவன் வந்திருந்தா என்ன நடந்துச்சுன்னு எழுதுங்க. விளக்கம் வேண்டாம், அது எல்லா இடத்துலயும் கிடைக்குது, நடந்தது வேணும்.

கிளிக்கூண்டு:
எங்க ஊர் பஸ் ஸ்டாண்டு கிளி ஜோசியர்கிட்ட உக்காந்தா கிளி எடுக்கற படத்தைப் பாத்ததுமே நமக்குப் பாதி தெரிஞ்சுரும், வள்ளி தெய்வானையோட முருகன் வந்தா ஜோசியர் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே அப்பா சிரிச்சுருவாரு. தொங்கறவனுக்கு ஒளிவட்டம் போட்டுக் குழப்பற வேலையெல்லாம் நம்ம கிளிகிட்ட கிடையாது. எனக்கு இவன் வந்ததில்ல, சும்மா படிக்க வந்தேன்.

பைக்ல விழுந்தவன்:
எனக்கு வந்தானுங்க, அதுவும் ஆஸ்பத்திரி பெட்ல. 2019ல மழை நாள்ல பைக் வழுக்கி தொடை எலும்பு போயிருச்சு. சுகர் எக்கச்சக்கமா ஏறிக் கிடந்ததால உடனே ஆபரேஷன் பண்ண முடியாதுன்னுட்டாங்க. முழங்காலுக்குக் கீழ எலும்புல ஒரு கம்பியைக் குறுக்க விட்டு, அதுல கயிறு கட்டி, கப்பி மேல போட்டு, கட்டில் ஓரத்துல எடைக்கல்லைத் தொங்கவிட்டு 11 நாள் வெச்சிருந்தாங்க. ஒரு கால் மேல, மிச்ச ஆள் கீழ, அந்தப் படமேதானுங்க, நான் படுத்துட்டு இருந்தேன் அவ்வளவுதான் வித்தியாசம்.

அக்கா பொண்ணு பொழுது போகட்டும்னு டாரோ கட்டு கொண்டு வந்துச்சு. ஒன்னு எடுங்க மாமான்னுச்சு, எடுத்தா இவன். ஸ்டிராங்கா டீ குடிச்ச மாதிரி ஒரு நிமிசம் ரெண்டு பேரும் முழிச்சோம், அப்பறம் பக்கத்து பெட் பெரியவர் வரைக்கும் ஒரே சிரிப்பு. அவரு சீட்டை வாங்கிப் பாத்துட்டு கேட்டாரு பாருங்க, "தம்பி, இவனுக்கு எடைக்கல்லை எங்க கட்டியிருக்காங்க?"ன்னு. இன்னிக்கு வரைக்கும் யோசிக்கறேன், அவனுக்கு அவன் உடம்பேதான் எடை.

நீங்க மூஞ்சியப் பத்திக் கேட்டீங்கல்ல, அதுக்காகத்தான் எழுதறேன். மொத மூணு நாள் எல்லார் மேலயும் எரிஞ்சு விழுந்தேன், நர்ஸம்மாகிட்ட, பொண்டாட்டிகிட்ட, ரோட்டைப் போட்டவன்கிட்ட. நாலாவது நாளோ அஞ்சாவது நாளோ தெரியலீங்க, திடீர்னு ஓய்ஞ்சுருச்சு. ஞானம் ஒன்னும் வரல. செய்யறதுக்கு ஒன்னும் இல்லாமப் போச்சு, அவ்வளவுதான். கடன் வசூலுக்கு கூப்பிடற ஆளு போன் பண்ணினான், "சார் காலைத் தூக்கிக் கட்டியிருக்காங்க, இறக்கி விட்டதும் கட்டறேன்"னேன், அவனும் சிரிச்சுட்டு வெச்சுட்டான். அன்னிக்கு என் மூஞ்சி அந்த சீட்டு மாதிரிதான் இருந்திருக்கும்னு நினைக்கறேன். ஒளிவட்டத்துக்கு ட்யூப்லைட் இருந்துச்சு.

பொலோனால படிக்கறவன்:
அக்கா, உங்களுக்கு விளக்கம் வேண்டாம்னு சொல்லிட்டீங்க, ஆனா எனக்கு நடந்ததே ஒரு விளக்கம்தான், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

நான் இத்தாலில பொலோனால படிக்கறேன். இங்க வர்ற வரைக்கும் டாரோன்னா ஜோசியம்னுதான் நெனச்சுட்டு இருந்தேன். வீட்டுக்குப் பக்கத்துல ஒரு காபிக் கடை, மத்தியானம் ஆனா நாலு தாத்தாங்க ரெண்டு ரெண்டு பேரா ஜோடி சேந்து சீட்டு ஆடுவாங்க, நம்ம ஊர்ல டீக்கடை பெஞ்சுல ரம்மி ஆடற மாதிரியே அதே சண்டை அதே சத்தம். எட்டிப் பாத்தா கையில இருக்கறது டாரோ சீட்டு! ஜோசியம்லாம் 18ஆம் நூற்றாண்டுலதான் வந்து ஒட்டிக்கிச்சு, அதுக்கு முன்னாடி 300 வருசம் இது வெறும் ஆட்டம். பொலோனாக் கட்டுல 62 சீட்டுதான், அதுவும் நம்ம ராஜா ராணி சீட்டு மாதிரி மேலயும் கீழயும் ஒரே படம், எப்படிப் பிடிச்சாலும் ஒன்னுதான், நேர் தலைகீழ்ங்கற பேச்சே கிடையாது.

ஒரு நாள் ஒரு தாத்தா ஒரு சீட்டை டமால்னு மேஜையில அடிச்சு "த்ரதிதோரே!"ன்னு கத்துனாரு. பாத்தா நம்மாளு, தொங்கறவன். த்ரதிதோரேன்னா துரோகி. இங்க இந்தச் சீட்டுக்கு அதுதான் பேரு. தியாகி இல்ல, தவசி இல்ல, காட்டிக் குடுத்தவன்.

அப்பறம் தேடித் தேடிப் படிச்சேன். அந்தக் காலத்துல இத்தாலில ஒருத்தன் துரோகம் பண்ணிட்டு ஊரை விட்டு ஓடிட்டான்னு வைங்க, இல்ல கடன் வாங்கிட்டு கம்பி நீட்டிட்டான்னு வைங்க, ஆள் சிக்கலன்னா ஊர்ப் பொதுச் சுவத்துல அவன் தலைகீழாத் தொங்கற மாதிரி படம் வரைஞ்சு வெப்பாங்க. நம்ம ஊர்ல கொடும்பாவி கட்டி இழுக்கறோம்ல, அதே ஆத்திரம்தான், இவங்க பெயிண்டர் வெச்சு செஞ்சாங்க. சாதாரண பெயிண்டரும் இல்ல, 1478ல ஃபிளாரன்ஸ்ல போட்டிசெல்லியே வரைஞ்சிருக்காரு. அதுக்கு முன்னாடி 1440ல வரைஞ்ச ஆந்த்ரேயா தெல் கஸ்தாஞோவுக்கு "தொங்கறவங்க ஆந்த்ரேயா"ன்னே பட்டப்பேரு நின்னு போச்சு, பாவம். அந்தச் சுவர்ப் படம் எதுவும் இன்னிக்கு மிச்சம் இல்ல.

எனக்கு மயிர்க்கூச்சு எடுத்தது ஒரு இடத்துல. முத்சியோ அத்தெந்தோலோ ஸ்ஃபோர்ட்சான்னு ஒரு கூலிப்படைத் தளபதி. 1412ல அப்போ ரோம்ல பாப்பரசர்னு உக்காந்திருந்தவரை விட்டுட்டு எதிர்ப்பக்கம் போயிட்டான். அவரு கோவத்துல ரோம் நகரத்து வாசல்லயும் பாலத்துலயும் இவனை ஒத்தக் கால்ல தொங்கவிட்டு படம் வரைய வெச்சாரு, "12 துரோகம் செஞ்சவன்"னு எழுத்து வேற. அந்த ஆளோட மகன் 1450ல மிலான் நகரத்துக்கே பிரபு ஆயிட்டான். அவன் குடும்பத்துக்குன்னு தங்க முலாம் போட்டு கையால வரைஞ்ச டாரோ கட்டு இன்னும் இருக்கு, 78ல 74 சீட்டு மிஞ்சியிருக்கு. சாத்தான் சீட்டும் கோபுரச் சீட்டும் தொலைஞ்சு போச்சு. ஆனா ஒத்தக் கால்ல தொங்கறவன் பத்திரமா இருக்கான், நியூயார்க்ல மார்கன் லைப்ரரில. அப்பனை எந்தப் படம் போட்டு அசிங்கப்படுத்துனாங்களோ அதே படத்தைக் கையில வெச்சுக்கிட்டு மகன் வீட்டுல சீட்டு ஆடியிருப்பாங்க. ஆடும்போது என்ன நெனச்சிருப்பாங்க? அந்தச் சீட்டுலயும் தொங்கற பையன் மூஞ்சி அமைதியாத்தான் இருக்கு.

தாத்தாகிட்ட, எங்க ஊர்ல இதை வெச்சு வேலை கிடைக்குமா கல்யாணம் ஆகுமான்னு பாக்கறாங்கன்னு சொன்னேன். "அவனுக்கே இறங்க வழி தெரியல, உனக்கு என்ன சொல்வான்"னுட்டு அடுத்த சீட்டைப் போட்டுட்டாரு.

நோட்டீஸ்ல இருக்கறவ:
தம்பி, நீங்க எழுதினதைப் படிச்சுட்டு டீயை ஆறவிட்டுட்டேன். மொத பதிவுல ஒரு விஷயத்தைச் சொல்லாம விட்டுட்டேன், இப்ப சொல்லிடறேன். நான் சேரப் போற இடம் இப்ப இருக்கற கம்பெனிக்கு நேர் போட்டி. அது தெரிஞ்ச அன்னிக்கே எல்லா வாட்சப் குரூப்லருந்தும் தூக்கிட்டாங்க, ப்ராஜெக்ட் ஃபோல்டர் எதுவும் திறக்காது, ஆனா 9 மணி நேரம் சீட்ல இருக்கணும், முன்னாடியே விடுங்கன்னாலும் விட மாட்டாங்க. மீட்டிங்ல மேனேஜர் என் பேரைச் சொல்லாம "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்றவங்க எங்க போனாலும் உருப்பட மாட்டாங்க"ன்னாரு, 14 பேரும் என்னையே பாத்தாங்க. 7 வருசம் அந்த ஆளோட டெட்லைனுக்கு ராத்திரி 2 மணி வரைக்கும் முழிச்சவ நான்.

காத்திருப்பு காத்திருப்புன்னு சொன்னப்ப ஏன் எரிச்சல் வந்துச்சுன்னு இப்பதான் புரியுது. நான் சும்மா காத்திருக்கல, ஊரே பாக்கறதுக்கு சுவத்துல மாட்டி வெச்சிருக்காங்க.

மாங்கனித்தெரு:
நான் காரைக்கால். தலைகீழ்னாலே எங்களுக்கு எங்க அம்மையார்தான் ஞாபகம் வரும், கைலாசத்துல காலை வெக்கக் கூடாதுன்னு தலையாலயே நடந்து போனவங்க. சின்ன வயசுலருந்து ஆனி மாச மாங்கனித் திருவிழால அந்தக் கதையைக் கேட்டு வளந்ததாலயோ என்னவோ இந்தச் சீட்டு எனக்கு பயமாவே இருந்ததில்ல. ரைடர் வெயிட் கட்டை உருவாக்கின வெயிட்டுங்கறவரும் ஏதோ அப்படி ஒரு பக்தி நெனப்புலதான் ஒளிவட்டம் போடச் சொல்லியிருப்பாருன்னு நானா ஒரு கணக்கு வெச்சிருக்கேன்.

எனக்கு நடந்தது சின்ன விஷயம். என் பொண்ணுக்கு 6 வயசு இருக்கும்போது நான் விரிச்சு வெச்ச சீட்டை எதிர்ப்பக்கம் உக்காந்து பாத்துட்டு "அம்மா இந்த அண்ணன் டான்ஸ் ஆடறாரு"ன்னா. அவ பக்கத்துலருந்து அவன் நேரா நிக்கறான், ஒத்தக் கால்ல, இன்னொரு காலைத் தூக்கி மடிச்சு. நான் அன்னிக்கு ரொம்ப நாள் தள்ளிப்போட்ட ஒரு விஷயத்துக்காக சீட்டு எடுத்துட்டு இருந்தேன், அது என்னன்னு இங்க வேண்டாம். மூடி வெச்சுட்டு அவளோட கொஞ்ச நேரம் ஒத்தக் கால்ல நின்னு பாத்தேன், அஞ்சு எண்றதுக்குள்ள சாஞ்சுட்டேன், அவ இருபது வரைக்கும் நின்னா.

அப்பறம் படிச்சப்ப தெரிஞ்சது, 1781லயே பாரீஸ்ல கூர் த ஜெபலின்னு ஒரு பெரிய அறிஞர் இதையே சொல்லியிருக்காரு. இவன் தொங்கறவனே இல்லையாம், ஒரு காலை ஊனி அடுத்த காலை எங்க வெக்கலாம்னு யோசிச்சு நிக்கறவனாம், விவேகம்னு பேராம், சீட்டு அச்சடிச்சவங்க புரியாம தலைகீழாப் போட்டுட்டாங்களாம். பொலோனாத் தம்பி சொல்ற கதையைப் பாத்தா அந்த மனுசன் முழுசாத் தப்பு, எகிப்து ஞானம் அது இதுன்னு நெறைய அளந்தவர்தான். ஆனாலும் என் பொண்ணும் அவரும் பாத்தது ஒன்னுதானே.

பைக்ல விழுந்தவன்:
அக்கா அந்த மேனேஜர் பேச்சைக் கேட்டு மனசு விட்றாதீங்க. கயித்தை அவுக்கறப்ப கொஞ்சம் தலை சுத்தும், அதுக்கு மட்டும் தயாரா இருங்க.

நோட்டீஸ்ல இருக்கறவ:
எழுதின எல்லாருக்கும் நன்றிங்க. இன்னும் 41 நாள் இருக்கு. அம்மாகிட்ட ரெண்டு கதையும் சொன்னேன், துரோகிக் கதையையும் அம்மையார் கதையையும். சுவத்துல படம் வரையறதைக் கேட்டுட்டு, "அப்ப ஓடிப்போனவன் உயிரோட இருந்திருக்கான்ல, படம்தான தொங்குச்சு"ன்னாங்க. எனக்கு இது தோணவே இல்ல. அப்பறம் சீட்டை எடுத்து விபூதி வெச்சு சாமி காலண்டருக்குப் பின்னாடி செருகிட்டாங்க, எந்தப் பக்கம் மேலன்னு நான் பாக்கல. அவன் வராததுக்குக் காரணம் கேக்காதீங்க, இப்ப என் கட்டுல 77 சீட்டுதான் இருக்கு.