மறு: 'பிரிஸ்கிரைப்டு பர்ன்' தமிழில் என்ன?

வணக்கம். பெருந்தீ மூண்டு மரங்களில் சேர்ந்த கரிமம் (கார்பன்) புகையாகிவிடாமல் இருக்க, காட்டில் கிடக்கும் சருகையும் புதரையும் திட்டமிட்டு முன்பே எரித்துவிடுவதுதான் 'பிரிஸ்கிரைப்டு பர்ன்'. அதற்குத் தமிழ்ச்சொல் பற்றி நீங்கள் எழுதியதற்குப் பதில் இது.

> 'பரிந்துரைக்கப்பட்ட எரிப்பு' என்றே வைத்துவிடலாமே. அகராதிக்கும் பொருந்துகிறது.

அகராதிக்குப் பொருந்துகிறது, காட்டுக்குப் பொருந்தவில்லை ஐயா. பரிந்துரை என்றதும் யாரோ சிபாரிசு செய்தது போலத் தொனிக்கிறது. காற்றின் வேகம், ஈரப்பதம், சருகு காய்ந்திருக்கும் அளவு, சுடர் எழக்கூடிய உயரம் என எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே வரம்பு எழுதி வைத்து, நாள் அதற்குள் அமைந்தால்தான் தீ வைக்கிறார்கள். காற்று கூடினால் அன்றைக்கு வேலை இல்லை. சொல்லில் தெரிய வேண்டியது இப்படி வரம்பு கட்டிய 'அளவு'தான். அதனால் 'அளவெரிப்பு' என்கிறேன்.

'முன்னெரிப்பு' எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் அது எதிர்த்தீயோடு குழம்பும். பரவி வரும் காட்டுத்தீக்கு முன்னால் போய்க் கொளுத்தி, அதற்கு இரை இல்லாமல் செய்வது எதிர்த்தீ. அது அவசர வேலை.

> கரிமத்தைக் காப்பாற்ற மரத்தைக் கொளுத்துவதா?

மரத்தை யார் கொளுத்துகிறார்கள்? எரிவது சருகு, சுள்ளி, புதர். தகவல் வந்த மறுநாள் காலை 10 மணிக்குள் தீயை அடக்கிவிட வேண்டும் என்று அமெரிக்க வனத்துறை 1935இல் விதி வைத்தது. அடிக்கடி சிறு தீ வந்து போன பைன் காடுகளில் அதற்கப்புறம் மரக்கன்றும் புதரும் நெருக்கியடித்து வளர்ந்தன. அவற்றில் கால்வைத்துத் தீ உச்சிக்கு ஏறினால் முதுமரமும் போச்சு, அது நூறாண்டு சேர்த்த கரிமமும் போச்சு. (ஆங்கிலத்தில் இதை ஏணி என்கிறார்கள். 'ஏணிப்புதர்' போதும், இதற்கு விவாதமே வேண்டாம்.) அளவெரிப்பிலும் கொஞ்சம் கரிமம் புகையாகிறது, மறுக்கவில்லை. தீயே அரிதாக வரும் ஈரக் காட்டில் இதைச் செய்தால் நஷ்டம்தான்.

வடக்கு ஆஸ்திரேலியாவின் ஆர்னம் லாண்டில்தான் எனக்குச் சிக்கல். அங்கே தொல்குடிகள் வறட்சிக்காலத் தொடக்கத்தில், புல்லில் ஈரம் இருக்கும்போதே திட்டுத்திட்டாக எரிக்கிறார்கள். பருவக் கடைசியில் மூளும் பெருந்தீ அந்தத் திட்டுகளில் முட்டி நிற்கிறது. இதனால் புகையில் குறையும் மீத்தேனையும் நைட்ரஸ் ஆக்ஸைடையும் கணக்கிட்டு கார்பன் வரவு (குறைத்த வாயுவுக்கு ஈடாகத் தரும், விற்கக்கூடிய சான்று) தருகிறார்கள். கார்பன் டை ஆக்ஸைடு அந்தக் கணக்கில் வராது, அடுத்த மழைக்குத் துளிர்க்கும் புல்லே அதை எடுத்துக்கொள்ளும் என்பதால். இதையும் அளவெரிப்பு என்றால் தலைமுறைகளாக வந்த அறிவைப் படிவத்துக்குள் அடைத்தது போல இருக்கிறது. 'பருவ எரிப்பு' என்று தனியே வைக்கலாமா?

இன்னொன்று. 'அளவெரித்தார்கள்' என்று எழுத எனக்கே நாக்கு ஒப்பவில்லை. வினைக்கு 'அளவெரிப்பு நடத்தினார்கள்' சரியாக வரும்.