'டெயில் ஸ்விங்': பின்வீச்சு எனலாமா?

வணக்கம்.

ஃபோர்க்லிஃப்ட், அதாவது கிடங்கில் சரக்கைத் தூக்கிச் செல்லும் வண்டி, அதன் பாதுகாப்புக் கையேட்டில் வரும் 'டெயில் ஸ்விங்' (திரும்பும்போது வண்டியின் பின்பாகம் வெளியே தள்ளி வருவது) என்பதற்குத் தமிழில் 'பின்பகுதிச் சுழற்சி' என்ற பரிந்துரையை நம் குழுவில் பார்த்தேன். எனக்கு உடன்பாடில்லை. சுழற்சி என்றால் ஓர் அச்சில் முழுவட்டம் சுற்றுவதுதான் மனதில் வரும். கிடங்கில் நடப்பது வேறு.

காரில் முன்சக்கரம் திரும்பும், ஃபோர்க்லிஃப்டில் பின்சக்கரம். ஓட்டுநர் இடப்பக்கம் ஒடித்தால் முன்னாலுள்ள ஃபோர்க் (சுமையைத் தாங்கும் இரட்டைக் கரம்) இடப்பக்கம் போகும், பின்பாகம் வலப்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு வரும். சுமைக்கு ஈடு கொடுக்கும் கவுன்டர்வெயிட் என்ற இரும்புப் பாளம் இருப்பது அங்கேதான். இரண்டரை டன் தூக்கும் வண்டியின் சொந்த எடையே சுமார் மூன்றரை முதல் நான்கு டன் இருக்கும். சரக்கு அடுக்கும் ரேக் ஓரமாக நின்று பெட்டிகளை எண்ணிக்கொண்டிருப்பவர், ஃபோர்க் தன்னைத் தாண்டிவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைப்பார். அப்போதுதான் அந்த இரும்பு வந்து அவரை ரேக்கோடு சேர்த்து நசுக்கும். நடக்கிற வேகத்தில் திரும்பினாலே போதும். ரிவர்ஸ் அலாரமும் அடிக்காது, வண்டி முன்னோக்கித்தானே போகிறது!

அதனால் 'பின்வீச்சு' என்று வைக்கலாம். கை வீசுகிறோம், வீச்சரிவாள் என்கிறோம். ஒரு முனை பிடியில் இருக்க மறுமுனை அகன்று வருவது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. இயற்பியலில் வரும் 'அலைவீச்சோடு' (amplitude) குழம்பும் என்று ஒருவர் எழுதியிருந்தார். 'பின்' சேர்ந்தபின் அந்தக் குழப்பம் வராது. 'வால்வீச்சு' பேச்சுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வால் என்றதும் மெலிந்த ஒன்று தோன்றி, ஆபத்தைச் சிறிதாக்கிவிடும்.

அப்புறம், அதே கையேட்டில் 'பாதசாரி' என்றிருப்பதையும் மாற்றியாக வேண்டும். பாதசாரி சாலையில் நடப்பவர். லாரியில் தார்ப்பாய் அவிழ்க்கிற டிரைவரோ, சரக்கு சரிபார்க்கிறவரோ, லோடுமேனோ அது தன்னைக் குறிப்பதாக நினைக்கவே மாட்டார். நசுங்குவது நடப்பவர் மட்டுமா? நிற்பவரும் குனிந்து வேலை செய்பவரும்கூடத்தான். வண்டிக்கு வெளியே தரையில் இருக்கும் எல்லோரையும் குறிக்கத் 'தரையாள்' என்று ஒரு சொல் முன்வைக்கிறேன். கொஞ்சம் புதிதாக ஒலிக்கிறது, தெரியும். பிடிக்காவிட்டால் 'தரையில் இருப்போர்' என்று விரித்தே எழுதலாம். பாதசாரி மட்டும் வேண்டாம்.

பலகைக்கு நான் எழுதிப் பார்த்தது: "பின்வீச்சு எல்லை. வண்டி நிற்கும்வரை உள்ளே வராதீர்கள்."

சென்னையை அடுத்த ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கிடங்குகளில் வேலை பார்ப்பவர்கள் குழுவில் இருந்தால், ஓட்டுநர்களும் லோடுமேன்களும் இதற்கு ஏற்கெனவே ஏதாவது சொல் வைத்திருக்கிறார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள். இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம்.